இரண்டு கையாலும் பிடிக்கிற பெட்டி

தை அறுப்புக்குக் களம் தயாராகிக்கொண்டிருந்தது. மணக்கரைப் பண்ணையின் களத்து மேட்டில் ஆண்கள் மண்வெட்டியால் புல்லைச் செதுக்கித் தள்ள, பின்னாலேயே பெண்கள் சாணிப்பாலை ஊற்றி விளக்குமாற்றால் இழுத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வரை சாணி. வெயில் ஏறுவதற்குள் மெழுகி முடிக்க வேண்டும் என்று ஒருத்தரும் நிமிரவில்லை. நாலு பக்கமும் சம்பா பழுத்துச் சாய்ந்து கிடந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அரிவாள் வைக்க வேண்டியதுதான்.

கோவிந்தராசு வரப்போரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர்கள் கை கழுவிக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தான். மடியில் ஒரு டேப் ரிக்கார்டர். ஜப்பான் சரக்கு, செங்கல்லில் பாதிதான் இருக்கும். மைக்கு தனியாகக் கிடையாது, பெட்டிக்குள்ளேயே எங்கேயோ ஒளிந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு முள் எழுந்து ஆடும். அந்த முள்ளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசை தீரவில்லை.

அவனுக்கு இருபத்தாறு வயது. அப்பா பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஆள். ஆஸ்டலில் தங்கிப் படித்து பி.ஏ. முடித்துவிட்டு, இரண்டு வருஷம் ஊர் ஊராக மனுப் போட்டு அலைந்த பிறகு, வானொலி நிலையத்தில் ஒரு வாசல் திறந்தது. கிராம நிகழ்ச்சி நடத்துகிற சாவித்திரி அம்மா அவன் எழுதிப் போட்ட ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். கூலிச் சட்டம் வந்து நாலைந்து வருஷமாகிறது, மேடைக்கு மேடை அதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் களத்தில் நிற்கிறவன் பேசி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று அந்த அம்மாவுக்கு ஒரு ஆதங்கம். பத்து நிமிஷம் பதிவு பண்ணிக் கொண்டு வரச் சொன்னார். குரல் தெளிவாக இருந்தால் ஒலிபரப்பாகும், அவனும் வெளியூர் நிருபராகலாம். தெளிவாக இல்லையென்றால் மேலே இருப்பவர்கள் அதை எழுதி வாங்கி, நாடகக்காரர்களை வைத்துப் படிக்கச் சொல்லிவிடுவார்கள். நிலையத்து மிஷின் நிரந்தர வேலைக்காரர்களுக்குத்தான், ஆகையால் பெட்டியை அவனே தேடிக்கொள்ள வேண்டும். கெடு வெள்ளிக்கிழமை.

முதலில் வந்தவர் செல்லதுரை. கோவிந்தராசுவுக்கு மாமா முறை. அவர் சம்சாரம் அம்சம் அவனுடைய அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. முப்பது வருஷமாக அந்தப் பண்ணை அறுப்பில் முதல் ஆளாக நின்று அரிவாள் பிடிக்கிறவர்.

"இதுல பேசினா யாரு தம்பி கேப்பாங்க?" என்றார்.

கோவிந்தராசுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "யாரு கேப்பாங்களா? கலெக்டர் கேப்பாரு, மந்திரி கேப்பாரு. உங்க பண்ணை ஐயாவே கேப்பாரு மாமா," என்று பெருமையாகச் சொல்லிவிட்டான்.

செல்லதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பேர் மட்டும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். இந்த ஒரு அறுப்பில் வருகிற கூலி நெல்லைத்தான் ஆடி மாசம் வரை உலையில் போட வேண்டும். போன வருஷம் கூலியைப் பற்றி வாய் திறந்த இரண்டு பேரைப் பண்ணை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, வெளியூர் ஆளை இறக்கி அறுத்தது. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே ஊருக்குத் தெரியாது. பேர் வராது, அது என் பொறுப்பு என்று கோவிந்தராசு அவர் கையைப் பிடித்துச் சொன்னான்.

பிறகு பொத்தானை அமுக்கினான். செல்லதுரை பேசப் பேச, முள்ளை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. பேசி முடித்ததும் சுற்றி நின்றவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினான்.

அடேயப்பா, என்னவெல்லாம் உள்ளே போயிருந்தது! பூவரச மரத்துக் காக்கை கத்தியது. வாய்க்கால் மடையில் தண்ணீர் விழுந்தது. விளக்குமாறு சர்ரென்று இழுபட்டது. எங்கேயோ போன வண்டிமாட்டின் சலங்கை, போகப் போகத் தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டது. பெண்கள் சாணிக் கையை மறந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். காதால் கேட்டும் கேட்காமல் விட்டதையெல்லாம் இந்த அரைச் செங்கல் கேட்டு வைத்திருக்கிறதே என்று கோவிந்தராசுவுக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் செல்லதுரை பேசினதுதான் விளங்கவில்லை. குடத்துக்குள் யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. 'கூலி' என்று ஒரு தடவை கேட்டது. நெல் அளக்கிற 'மரக்கா' ஒரு தடவை. மற்றதெல்லாம் ஒரே கொழகொழப்பு. மறுபடியும் பேசச் சொல்லி எடுத்தான். அதுவும் அப்படியே.

நாகூரில் தர்காவுக்குப் பின்பக்கச் சந்தில் ஜெகபர் அலியின் கடை. முன்னால் கடை, நடுவே ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் வீடு. பினாங்கிலிருந்து கப்பலில் வருகிற குடை, கடிகாரம், வாசனைச் சோப்பு, ரேடியோ எல்லாம் அங்கே கிடைக்கும். பாய்க்கு ரேடியோ என்றால் பைத்தியம். கோவிந்தராசு வந்து விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பேசிப் பார்த்துவிட்டு வாங்க தம்பி, எது மனசுக்குப் பிடிக்குதோ அதை எடுத்துக்கலாம் என்று சொல்லியிருந்தார். தன் கடைப் பெட்டியில் பிடித்த குரல் ஆகாயத்தில் போகப்போகிறது என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

சின்னப் பெட்டி சரியில்லை பாய் என்று கோவிந்தராசு திருப்பிக் கொடுத்ததும், பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. பொத்தானை அமுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் போட்டுக் காட்டினார். கணீரென்று இருந்தது. வெட்டவெளியில் காற்று அடித்திருக்கும், மைக்கு உள்ளேயே இருந்தால் அப்படித்தான் என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து, இரண்டாவது பெட்டியைத் தந்தார். அதுவும் கேசட்டுதான். ஆனால் மைக்கு தனி, ஒயரோடு நீளும். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கலாம். காற்று இரையாமல் இருக்க மைக்குத் தலையில் பஞ்சுக் குல்லாய் வேறு.

செவ்வாய்க்கிழமை அந்த மைக்கைக் கையில் பிடித்து, செல்லதுரைக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நீட்டினான். மனிதர் ஒரு சாண் பின்னால் போனார். இவன் நீட்ட, அவர் போக, களத்து மேட்டின் விளிம்புக்கே போய்விட்டார். அம்சத்தையும் பேச வைத்தான். அவள் நன்றாகவே பேசினாள். நடவுக்கு ஒரு கூலி, களைக்கு ஒரு கூலி, பெண்ணாளுக்கு எதிலும் பாதி என்று விரல் மடக்கிச் சொன்னாள். போட்டுப் பார்த்தால் அதே குடம், அதே முனகல். காக்கை மட்டும் தெளிவாகக் கத்தியது.

அன்றைக்கு அவனுக்குப் பயம் வந்துவிட்டது. இதையெல்லாம் நாளைக்கு மினுக்குச் சட்டை போட்ட ஒரு நாடகக்காரன் மூக்கால் இழுத்து, 'ஏனுங்க எசமான்' என்று படிப்பான். தன் வேலையும் போகும்.

புதன்கிழமை கடையில் ஜெகபர் அலிக்கும் கொஞ்சம் கோபம்தான். "பெட்டியில கோளாறு இல்ல தம்பி. கோளாறு எங்கன்னு எனக்குப் புரியல்ல," என்று சொல்லிக்கொண்டே அந்த முனகலை இரண்டு மூன்று தடவை ஓடவிட்டார். வேகத்தைப் பார்த்தார், பாட்டரியை மாற்றினார், நாடாவைத் துடைத்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹமீதா பானுவின் குரல் வந்தது.

"ஏங்க, அந்தம்மா வாயில முந்தானையை வெச்சுக்கிட்டுல்ல பேசுது."

பாய் திரையைப் பார்த்துத் திரும்பினார். இங்கே இருந்துகொண்டு அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"தெரியாம என்ன? உங்க உம்மாகிட்ட பத்து வருசம் நான் அப்படித்தானே பேசினேன். துணிக்குள்ள பேசினா இப்படித்தான் வரும். அந்த ஆம்பளை துணி இல்ல, கையை வெச்சிருக்காரு. கேளுங்க, மூச்சு உள்ளங்கையில முட்டுது."

சொன்னதோடு நிற்கவில்லை. நானே பேசிக் காட்டுகிறேன், அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்கள் என்றார். முக்காட்டுத் துணியை வாயில் வைத்து நாலு வார்த்தை, எடுத்துவிட்டு நாலு வார்த்தை. பாய் போட்டுக் காட்டினார். முதல் நாலு வார்த்தை அச்சு அசல் அம்சத்தின் குடம். அடுத்த நாலும் வெண்கலம்.

கோவிந்தராசுவுக்கு அப்படியே விக்கித்துப் போயிற்று. அவன் பார்க்காமலா இருந்தான்? செல்லதுரை துண்டை இடுக்கியதும், இடது கையைக் கட்டி வலது கையால் வாயைப் பொத்தியதும் அவன் கண்ணுக்கு நேரேதான் நடந்தது. பிறந்தது முதல் பார்த்த காட்சி. பண்ணை வாசலில் அப்பா நிற்பது அப்படித்தான், தாத்தா நின்றதும் அப்படித்தான். பெரிய மனிதர் மேல் நம் மூச்சுக் காற்று படக்கூடாது. வெயிலில் நெற்றியைச் சுருக்குகிற மாதிரி அது ஒரு பழக்கம், யாரும் அதைக் கவனிப்பதில்லை. போதாக்குறைக்குக் கலெக்டர் கேட்பார், மந்திரி கேட்பார், பண்ணை ஐயா கேட்பார் என்று அத்தனை பேரையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் உட்கார்த்தி வைத்தவன் அவனேதான். அவர்களுக்கு முன்னால் மாமா வேறெப்படி நிற்பார்! முள்ளைப் பார்த்த நேரத்தில் மனிதரைப் பார்க்கவில்லையே என்று கோவிந்தராசுவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"அவ்வளவுதானே, கையை எடுக்கச் சொல்லிடுங்க," என்று பாய் லேசாகச் சொன்னார்.

அது அவ்வளவு லேசில்லை என்று கோவிந்தராசுவுக்குத் தெரியும். அவனை ஆஸ்டலில் சேர்க்கப் போன அன்று, ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர், கையை எடுத்துட்டுப் பேசுங்க பெரியவரே என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கையை எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. பையன் பேரைக் கேட்டதற்குக்கூட வாயசைத்தாரே தவிரச் சத்தம் வரவில்லை. கை போனதும் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கோவிந்தராசுதான் தன் பேரைச் சொன்னான்.

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் கண் மூன்றாவது பெட்டியின் மேல் போயிற்று.

அது பழைய மாடல். பெரிய சுருள் நாடா இரண்டு சுற்றுகிற பெட்டி, தடித்த தோலுறை, ஒரு டஜன் பாட்டரி. மைக்கைத் தோலுறையின் மேல் விளிம்பிலேயே ஒரு கொக்கியில் மாட்டிவிடலாம். தூக்கினால் பிறந்து ஒரு வருஷமான பிள்ளையின் கனம். பாய் அதைப் பேச்சுக்குத்தான் வரிசையில் வைத்திருந்தார், அதை யாரும் கேட்டதில்லை. கோவிந்தராசு அதை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். இரண்டு கையும் அதற்கே சரியாக இருந்தது. ஒரு கையை விட்டால் பெட்டி சாய்ந்தது. மைக்கு மோவாய்க்கு நேராக நின்றது.

"இதுதான் பாய்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகமே சின்னதைத் தேடி ஓடும்போது நீங்கள் பாரத்தை வாங்குகிறீர்களே என்றார். திரைக்குப் பின்னால் ஹமீதா பானு சிரிக்கவில்லை. "அவரு சரியாத்தான் எடுக்கறாரு, குடுங்க," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து எல்லாரும் பூவரச மரத்தடியில் கூடினார்கள். கோவிந்தராசு இந்தத் தடவை கலெக்டர் பேச்சையே எடுக்கவில்லை. பெட்டியைச் செல்லதுரையின் கையில் கொடுத்தான். "மாமா, இதைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. விழுந்தா போச்சு. நாகூர் பாய் வீட்டுப் பொருளு," என்றான்.

செல்லதுரை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுருள் சுற்ற ஆரம்பித்தது. முதல் கேள்விக்கு அவர் வலது கை மேலே எழுந்தது. பெட்டி சாய்ந்தது. பதறிப் போய்க் கையைத் திரும்ப வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை எழுந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழவில்லை.

கோவிந்தராசு இந்தத் தடவை முள்ளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தின் கீழ்ப்பாதியை அவன் உற்றுப் பார்த்ததே அன்றைக்குத்தான். நரைத்த மீசை, அகலமான வாய், முன்பல்லில் ஒன்று பாதி உடைந்தது. அந்த வாயிலிருந்து வந்த குரல் இருக்கிறதே, அடித்தொண்டையிலிருந்து எழும்பி நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடம் விட்டு வந்தது. அவர் கத்தவில்லை. அழவும் இல்லை.

"சர்க்காரு ஒரு கூலி சொல்லியிருக்காம். எங்க களத்துக்கு அது வரல்ல. எங்க களத்துல ரெண்டு மரக்கா இருக்கு. பண்ணைக்கு நெல்லு அளந்து போடுறப்ப ஒரு மரக்கா. எங்களுக்குக் கூலி அளக்குறப்ப வேற மரக்கா. ரெண்டுக்கும் வெளியில பாத்தா வித்தியாசம் தெரியாது. தூக்குறவனுக்குத் தெரியும். முப்பது வருசமா ரெண்டையும் தூக்குறேன்."

கோவிந்தராசு கேள்வி கேட்கக்கூட மறந்து போனான். அவர் பாட்டுக்கு மேலே மேலே சொல்லிக்கொண்டு போனார். போன வருஷம் வரப்பில் நிறுத்தப்பட்ட இரண்டு பேரைச் சொன்னார், அவர்கள் குழந்தைகளைச் சொன்னார். நாடா தீர்ந்து சடசடவென்று அடித்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார். போட்டுக் காட்டியபோது அம்சம் புருஷனைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தாள். "வீட்டுல பேசுற குரலு தம்பி இது. வெளியில போனதே இல்ல," என்று சன்னமாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நிலையத்தில் சாவித்திரி அம்மா காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷமும் கேட்டார். கழற்றி வைத்தார். பிறகு, நாடகக்காரர் யாரும் வேண்டாம் என்று மேலே எழுதிவிடுகிறேன் என்றார். பண்ணையின் பேர், ஊரின் பேர் இரண்டும் வருகிற இடங்களை அவரே பிளேடால் வெட்டி ஒட்டினார். செல்லதுரையின் பேர் ஏற்கெனவே அதில் இல்லை. நீ வேலையில் சேர்ந்துகொள், முதல் வேலையாக அறுப்புச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வா என்றார். கோவிந்தராசு படியிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

அடுத்த புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணக்கரைப் பஞ்சாயத்து ரேடியோ கம்பத்துக் குழாயில் பேச ஆரம்பித்தது. எப்போதும் போல மேலத் தெருக்காரர்கள் பஞ்சாயத்துக் கட்டடத்தின் சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். சேரி ஆட்கள் சாலைக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் மதகில். உர விலை வந்தது, வானிலை வந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

அது கம்பத்திலிருந்து கிளம்பி, பஞ்சாயத்து மேடையைத் தாண்டி, கோயில் தெருவுக்குள் போயிற்று. செல்லதுரை ஒரு நாளும் செருப்புப் போட்டுக்கொண்டு போகாத தெரு. குரல் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், தேரடியைச் சுற்றி, பண்ணை வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. மதகில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. செல்லதுரை வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். தான் பேசியதை யாரோ பெரிய மனிதர் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தராசுவுக்குக் கண் நிறைந்து போயிற்று. சாமி பார்த்த மாதிரி இருந்தது என்று பின்னால் பாயிடம் சொன்னான்.

மேடையில் இருந்தவர்கள், யாருய்யா இது, நம்மூரு மரக்கா கதை மாதிரியே இருக்குதே என்று பேசிக்கொண்டார்கள். குரல் யாருடையது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. களத்து ஆள் கைக்குள் பேசித்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அறுப்பு. பனி விலகாத நேரத்திலேயே இருபத்திரண்டு பேரும் அரிவாளோடு வரப்புக்கு வந்துவிட்டார்கள். கோவிந்தராசு தோளில் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். அரிவாள் கதிரில் விழுகிற முதல் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

பண்ணையின் காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இவனைப் பார்த்ததும் வாங்க தம்பி என்று மரியாதையாகக் கூப்பிட்டார். நல்ல மிஷின், சொல்லுக்குச் சொல் கேட்டது என்றார். பண்ணை ஐயா இரண்டு நாளாக அதே பேச்சாக இருக்கிறார், பேசினது நம்ம களத்து ஆள்தான், ஆனால் குரல் யாருடையது என்று ஐயாவுக்கே தெரியவில்லை, நீங்கள் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபம் என்றார். அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க என்று கோவிந்தராசு சொன்னான். காரியக்காரர் கோபப்படவில்லை. சரி, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. வாயிலேர்ந்து கையை எடுத்துட்டு, ஆளுக்கு நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் வயல்ல எறங்கலாம்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கடைசியில் நின்றவனிடமிருந்து ஆரம்பித்தார். அவன் வாயைப் பொத்திக்கொண்டு, என்ன பேசுறதுங்க என்று கேட்டான். எதையாச்சும் பேசு, கையை எடு என்றார் காரியக்காரர். அவன் கையை எடுத்தான். பனி சாஸ்திங்க என்று கீச்சுக் குரலில் சொன்னான். தள்ளி நில்லு என்றார். அடுத்தவன் நெல்லு நல்லா வெளஞ்சிருக்குங்க என்றான். அடுத்தவனுக்கு இருமல்தான் வந்தது. ஒவ்வொருவர் குரலையும் காரியக்காரர் தலை சாய்த்துக் கேட்டார். முப்பது வருஷம் எடுக்கக் கூடாது என்றிருந்த கையை இப்போது எடு எடு என்கிறார்கள். பெட்டியின் கனம் கோவிந்தராசுவின் தோளை அறுத்தது. இந்தக் குரலைத் தேடித் தேடித் தெளிவாக்கிக் கொடுத்தவன் நான்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வரிசையின் தலையில் செல்லதுரை நின்றார். மாமா, முனகிவிடுங்கள், பனி என்று முனகினால் போதும் என்று கோவிந்தராசு மனசுக்குள் கெஞ்சினான். அவர் முனகியிருக்கலாம். அம்சமும் அதையே கேட்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

செல்லதுரை அரிவாளை வரப்பில் வைத்தார். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டார்.

"எம் பேரு செல்லதுரைங்க. ரேடியோவுல பேசினது நான்தான். ரெண்டு மரக்கா இருக்குன்னு சொன்னேன். பொய்யின்னா ரெண்டையும் களத்துல கொண்டாந்து வெய்யுங்க, நெல்லைப் போட்டு அளந்து பாத்துடலாம்."

அதே குரல். பெட்டி இல்லை, கம்பம் இல்லை, குழாய் இல்லை. வயலின் அந்தக் கோடியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். பொத்தானை அமுக்க வேண்டும் என்ற நினைப்பே கோவிந்தராசுவுக்கு வரவில்லை. காரியக்காரர் குடையைக் கை மாற்றிக்கொண்டு, சற்று நேரம் அவர் வாயையே பார்த்தார்.

பிறகு, அரிவாளை எடுத்துக்கொண்டு போ, உனக்கு இங்கே அறுப்பு இல்லை என்றார். அம்சத்தையும் கிளம்பச் சொன்னார். அம்சம் ஏற்கெனவே சேற்றில் ஒரு காலை வைத்திருந்தாள். அந்தக் காலை எடுத்து, வாய்க்காலில் கழுவிக்கொண்டு, புருஷனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் வரப்போடு நடக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் அவர்கள் போவதைப் பார்த்தார்கள்.

"வேடிக்கை என்ன? எறங்குங்க, பொழுது போவுது," என்றார் காரியக்காரர்.

இருபது பேரும் வாயில் கையை வைத்து, சரிங்க என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினார்கள்.